பட்டணப் பாட்டு

பாட்டியல் நூலார் சிற்றிலக்கிய வகைகளை எண்ணிக் கூறுமிடத்து ஊரைப் பற்றிய பாட்டுக்களை மறந்தாரல்லர். பாட்டுடைத் தலைவனது ஊரை வெண்பாவாற் சிறப்பித்தால் அஃது ஊர்வெண்பா. அத்தலைவன் வீதியில் எழுந்தருளும் அழகைப் பாடினால் அஃது உலா. ஆயின், பெரிய நகரொன்றிற்குப் புதிதாய் வந்திறங்கி வழி தெரியாமல் விழித்து நிற்பவன் பாடும் பாட்டிற்கும், அந்நகரிலேயே பிறந்து மூட்டை சுமந்து அங்கேயே மாய்பவன் பாடும் பாட்டிற்கும் அந்நூல்களில் இலக்கணமும் இல்லை, பெயரும் இல்லை. இவ்விரு திறத்துப் பாட்டுக்களையும் 'பட்டணப் பாட்டு' என்னும் ஒரு பெயரால் வழங்கி, அவற்றின் இயல்பை ஈண்டு நோக்கப் புகுகின்றோம். நம் திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஒருவர் அடைமொழி யாதுமின்றிப் 'பட்டணம் போகிறேன்' என்றால் அது சென்னையையே குறிக்கும் என்பதை அன்பர்கள் அறிவர். ஆகவே, நாம் பேசப் போவதும் சென்னையைப் பற்றிய பாட்டுக்களையே.

நம்மூரில் பாட்டிற்குப் பஞ்சம் உண்டோ என்று சிலர் வினவலாம். இல்லை. திருவரங்கத்தின்மீது ஆழ்வார்கள் பாடியருளிய பாசுரங்கள் மட்டும் 247. சிராப்பள்ளிக் குன்றைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். தாயுமானவரும் இவ்வூரில் வாழ்ந்தவரே. எனினும், இப்பாட்டுக்களிற் பெரும்பாலானவை கோயிலை நோக்கியவை; கடைவீதியை நோக்கியவை அல்ல. கடந்த நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) தலபுராணங்கள் பலவற்றை இயற்றினார். தலபுராணம் என்றால் அதில் திருநகரப் படலம் ஒன்று இருந்தே தீரவேண்டும். அப்படலங்களில் எவ்வூர் மாடமும் முகிலைத் தடவும். எவ்வூர் வீதியிலும் தேரோடும். எவ்வூர் மகளிரும் அரம்பையரை நாணச் செய்வர். பத்துக் குடிசைகள் உள்ள ஊரிலும் இவை நிகழும். மகாவித்துவானின் புலமையைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நகரத்தைப் பாடுதல் என்பது ஒரு மரபாக இறுகிவிட்ட பின்னர், நகரத்தைப் பார்த்தல் என்பது புலவர்க்கு வேண்டாததாய்விட்டது என்பதே நாம் சுட்ட வந்தது.

சங்கப் புலவர் பார்த்துப் பாடினர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. அதனுள் இருநூறு அடிக்குமேல் காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் விரிகின்றது. துறைமுகத்துச் சுங்கச்சாவடியும், ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளும் கண்முன் நிற்கின்றன. இத்துணையும் கூறிய பின்னர்த் தலைவன் தன் நெஞ்சை நோக்கி, இப்பட்டினமே கிடைப்பதாயினும் என் காதலியைப் பிரிந்து வாரேன் என்று மறுத்துவிடுகிறான். நகரத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் பின்னர் 'வேண்டா' என்பதே அப்பாட்டின் அமைப்பு. தமிழில் முதற் பட்டணப் பாட்டு இதுவே என்பது நம் துணிபு.

இவ்வமைப்பு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சினிமாக் கொட்டகையில் மறுபடியும் எழுந்தது. 1957-இல் வெளிவந்த 'எங்க வீட்டு மகாலட்சுமி' என்னும் படத்திற்கு உடுமலை நாராயணகவி எழுதிய பாட்டொன்றில், கணவன் பட்டணம் போய்ப் பொருள் தேடலாம் என்று மனைவியை அழைக்கிறான்; அவளோ அந்தப் பக்கமே போக வேண்டா என்று தடுக்கிறாள். பட்டினப்பாலையில் தலைவன் தானே தன் நெஞ்சைத் தடுத்துக்கொண்டான். இங்கே அவ்வேலையை மனைவி செய்கிறாள். இடையில் நேர்ந்த வேறுபாடு அவ்வளவே. உடுமலையார் பட்டினப்பாலையை நினைந்து எழுதினார் என்று நாம் கூறவில்லை. பொருள்வயிற் பிரிவு என்னும் துறை நூலிலிருந்து வாழ்வுக்கு வந்ததன்று, வாழ்விலிருந்தே நூலுக்குப் போனது என்பதற்கு இஃதொரு சான்று.

புதிதாய் வந்தவன் பாட்டு என்னும் முதல் வகையை இனி நோக்குவாம். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' என்னும் படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார் காலட்சேபம்' நிகழ்த்தினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பின்பற்றிய கேலிக் கதை அது. நந்தன் சிதம்பரத்தை நினைந்து உருகினான், கிந்தனோ படிப்பை நினைந்து உருகுகிறான், புகைவண்டியேறிப் பட்டணம் செல்கிறான், பதவியோடு மீள்கிறான். சிதம்பரம் இருந்த இடத்தில் பட்டணமும், தரிசனம் இருந்த இடத்தில் பள்ளிப்படிப்பும் வந்துவிட்டன. நகைச்சுவைக்குள்ளே இதைவிடப் பெரிய செய்தியை வைத்தவர் எவரும் இலர் என்று நாம் எண்ணுகிறோம். தீண்டாமையால் ஊருக்குப் புறம்பே நின்றவனுக்குப் பட்டணமே கதவு திறந்தது என்பது அக்கதையின் உட்பொருள்.

அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பட்டணத்தின்மீது கேலி திரும்பியது. 'அனுபவி ராஜா அனுபவி' என்னும் படம் 1967-இல் வெளிவந்தது. கே. பாலசந்தர் இயக்கம், கண்ணதாசன் பாட்டு, எம். எஸ். விசுவநாதன் இசை, டி. எம். சௌந்தரராஜன் குரல். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவனாக நாகேஷ் சென்னை வீதிகளிலே திகைத்துத் திரிகிறார். இங்கே மெல்ல நடப்பார் எவருமில்லை, திருந்தத் தமிழ் பேசுவாரும் இல்லை என்று நொந்துகொள்கிறார். இன்றும் சென்னையைப் பற்றிய பாட்டு ஒன்று கூறுக என்றால் பெரியோர் பலர் இதனையே கூறுவர். பாட்டு இனியது, சௌந்தரராஜனார் நாகேஷுக்கெனத் தம் கம்பீரக் குரலை இளக்கிக்கொண்டு பாடிய திறம் வியக்கத்தக்கது. ஆயினும், தமிழ் சரியில்லை என்ற அந்தக் குறையை மாத்திரம் அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அதற்குப் பின்னர் வருவோம்.

இவ்வகைப் பாட்டில் நம்மூர்க்கும் ஒரு பங்கு உண்டு. கவிஞர் வாலி 1931-இல் திருப்பராய்த்துறையிற் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்தவர், இயற்பெயர் ரங்கராஜன். இளமையில் ஓவியம் வரைந்தார்; கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்; 1939-இல் தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையத்திற்கு எழுதினார். முருகன்மீது தாம் எழுதிய பாட்டொன்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி டி. எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவரும் அதற்கு இசையமைத்துப் பாடினார். ஆகவே, வாலிக்கு முன்னரே அவருடைய பாட்டு பட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னர்த் தாமும் சென்றார். தியாகராய நகரில் 'கிளப் ஹவுஸ்' என்னும் விடுதியில் தங்கினார். அந்நாளில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த நாகேஷும் அவருக்குத் தோழரானார். ஆண்டுகள் சென்றன, வாய்ப்பு வரவில்லை. இனி இவ்வூர் நமக்கு உதவாது என்று மூட்டையைக் கட்டிய வேளையில், 'சுமைதாங்கி' (1962) படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய ஆறுதற் பாட்டைப் பி. பி. சீனிவாஸ் பாடக் கேட்டு, ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டார் என்பதை வாலியே பலமுறை கூறியுள்ளார். மறு ஆண்டு 'கற்பகம்' வெளிவந்தது, அவர் காலூன்றினார்.

அவர் 1968-இல் 'எதிர்நீச்சல்' படத்திற்கு எழுதிய பாட்டுக்களுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. ஒரே வீட்டிற் பல குடும்பங்கள் ஒட்டி வாழும் ஒண்டுக்குடித்தனமே அப்படத்தின் களம்; வி. குமார் இசையமைத்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் கணவன் வாங்கித் தந்ததையெல்லாம் அடுக்கிக் காட்டி மனைவி ஒருத்தி கணவனைக் குத்துகிறாள். கணவன் தன் வரும்படியின் நிலையைச் சொல்லித் தப்பப் பார்க்கிறான். இதில் மாளிகை இல்லை, மோட்டார் இல்லை, கடற்கரை இல்லை. சுவர் ஒன்றே இருக்கிறது. அச்சுவருக்கு அப்பால் நடப்பது இப்பால் கேட்கிறது. கிராமத்தில் அயலாள் வீட்டுச் செல்வம் தலைமுறைக்கு ஒருமுறை மாறும்; பட்டணத்தில் அது சம்பள நாள்தோறும் மாறும். அவ்வேதனையைத் திருவரங்கத்து வீதிகளிற் புழங்கும் வீட்டுப் பேச்சிலேயே வாலி எழுதிவிட்டார். நகரத்தின் பகட்டைக் கண்டு வாய் பிளக்காமல், நகரத்தில் வாடகை கொடுத்து வாழ்பவரின் உள்ளத்தைக் காட்டியதால், புதிதாய் வந்தவர் பாட்டுக்களுள் இதனையே நாம் தலையாயதாக மதிக்கிறோம். பலர் உடன்படமாட்டார், அதனாற் கேடில்லை.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. உடுமலையார் கொங்குநாட்டவர், கண்ணதாசன் சிறுகூடற்பட்டியார், வாலி திருவரங்கத்தார். நாகேஷும் தாராபுரத்திலிருந்து வந்தவரே. சென்னையைப் பற்றித் தமிழ்நாடு முழுதும் பாடிய பாட்டுக்களை எழுதியவர் பலர் சென்னையிற் பிறவாதவர். அவர்கள் கண்ட சென்னையையே நாமும் கண்டோம். ஏமாற்றுக்காரர் நிறைந்த ஊர், ஓட்டமும் நடையுமான ஊர், தமிழைச் சிதைக்கும் ஊர் என்று மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறுமுன்னரே நமக்குப் பாடமாகிவிடுகிறது. அவ்வூரிலே பிறந்தவர் யாது பாடினர் என்பதை நாம் கேட்டதுண்டோ?

அவர்களும் பாடிக்கொண்டுதான் இருந்தனர். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் மலிவான தாளில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விற்கப்பட்டன. புதிதாய் ஓடிய ரயில், கொலை வழக்கு, புயல், விலைவாசி ஆகிய எல்லாம் சிந்தாகவும் கும்மியாகவும் அங்கே வெளிவந்தன. பாடியே விற்றனர், கேட்டே வாங்கினர். கற்றோர் இவற்றைக் 'குஜிலிப் பதிப்பு' என்று இகழ்ந்தனர். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் (2004) இவற்றை எடுத்து ஆராய்ந்த பின்னரே கல்வியுலகம் சற்றுத் திரும்பிப் பார்த்தது.

அச்சேறாமல் வாயிலேயே வாழ்ந்தது கானா. இதுவே பட்டணப் பாட்டின் இரண்டாம் வகை. இந்துஸ்தானியிற் 'கானா' என்றால் பாட்டு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியோடு இப்பெயரை ஒட்டவைக்க முயல்வாரும் உளர். அம்முயற்சியில் நமக்கு ஊக்கம் இல்லை. பழைமை காட்டினால்தான் ஒரு பாட்டிற்கு மதிப்பு என்னும் எண்ணமே முதலில் நீங்கவேண்டுவது. கானா பிறந்த இடம் வடசென்னை. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. அவ்வாலைத் தொழிலாளரே 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் உயிர்நாடி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், தண்டவாளம் இட்டவரும், தறியில் நின்றவரும், குப்பை வாரியவரும், காசிமேட்டில் வலை இழுத்தவரும் அப்பகுதியிலேயே நெருங்கி வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலார் தாழ்த்தப்பட்டோர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த மக்கள். அவர்களே இப்பாட்டின் ஆசிரியரும் அவையினரும் ஆவர்.

இராயபுரத்தில் வாழ்ந்து அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபுவின் (1792-1838) ஞானப்பாடல்களோடும் சித்தர் பாடல்களோடும் கானாவை ஆராய்ச்சியாளர் சிலர் தொடர்புபடுத்துவர். அப்பெரியார் நம் திரிசிரபுரத்தில் ஷாம் சாகிபு என்னும் மௌலவியிடம் தீட்சை பெற்றவர் என்பதை இடைப்பிறவரலாகக் குறிக்கிறோம். நிலையாமையே கானாவில் அடிக்கடி ஒலிக்கும் பொருள் என்பதைக் காணுங்கால் இத்தொடர்பு பொருந்தாததன்று.

பழைய கானாவிற்குப் பக்கவாத்தியம் என்று தனியே ஒன்றும் வேண்டா. கைதட்டல் போதும், தீப்பெட்டி, மேசைப் பலகை, கவிழ்த்த வாளி எதுவாயினும் தாளம் ஆகும். வசதி வந்தபோது டோலக்கும் பிறவும் சேர்ந்தன. காதல், சிறைவாழ்வு, மீன், குடி, போலீசு, புகைவண்டி என எதையும் பாடுவர். ஆயினும் அதன் உயிர்நிலை மரண கானா. ஒருவர் இறந்தால், அவ்வீட்டு வாயிலிற் பந்தலிட்டு, இரவு முழுதும் பாடுவர். கருமாதி நாளிலும் பாடுவர். பொதுவான ஒப்பாரி அன்று அது. இறந்தவர் பெயர், அவர் செய்த தொழில், அவர் பெற்ற பிள்ளைகள் பெயர், வாழ்ந்த தெரு ஆகியவற்றைப் பாடுவோர் கேட்டறிந்து அவ்விடத்திலேயே பாட்டில் தொடுத்துவிடுகின்றனர்.

மன்னர்க்குக் கல்லிலே மெய்க்கீர்த்தி வெட்டினர். இறந்த வீரனுக்கு நடுகல் நட்டனர். துறைமுகக் கூலிக்கு இவ்விரண்டும் இல்லை. பத்திரிகையில் மரண விளம்பரம் வெளியிடவும் காசு வேண்டும். அவன் பெயர் அவன் வாழ்ந்த தெருவில் ஓரிரவு முழுதும் உரத்து ஒலிக்கிறதே, அதுவே அவனுக்கு வாய்த்த கீர்த்தி. கையறுநிலை என்னும் துறையைப் புறநானூற்றில் வைத்துப் படிக்கும் நாம், அத்துறை இன்றும் வியாசர்பாடியில் வழங்குகிறது என்பதை வகுப்பில் கேட்டறியாதது வியப்பே.

இப்போது, முன்னர் நிறுத்திவைத்த குறைக்கு வருவோம். சென்னைத் தமிழ் தமிழே அன்று என்பர். அத்தமிழிலேயே கானா பாடப்படுகிறது. இதனைச் சற்று நுணுகி நோக்கினால், இகழப்படும் சொற்களின் வரலாறு சுவை மிக்கது. 'கஸ்மாலம்' என்பது கேட்டவுடன் முகம் சுளிக்க வைக்கும் வசைச்சொல். ஆனால் அது வடமொழிக் 'கஷ்மலம்', பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் வாக்கிலேயே வருவது. 'நாஸ்தா' உருது, 'பேமானி' பாரசீகத்திலிருந்து வந்தது, 'துட்டு' ஒல்லாந்தர் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். 'இஸ்துகினு' என்பது 'இழுத்துக்கொண்டு' என்பதன் விரைந்த வடிவமே. 'கொண்டு' என்பது 'கினு' எனத் தேய்ந்தது. துறைமுகத்தில் எத்தனை நாட்டுக் கப்பல் வந்ததோ அத்தனை நாட்டுச் சொல்லும் இறங்கியது; இறக்கியவர் வாயில் அது தங்கியது. பட்டினப்பாலையில் மொழி பல பெருகிய மக்கள் கலந்து இனிது வாழ்ந்ததைப் புகாரின் பெருமையாகக் கற்கிறோம். அம்மொழிகள் கலந்த கலப்பை இராயபுரத்திற் கண்டால் மாத்திரம் இகழ்ச்சியாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இழிந்தோர் வாழ்வைக் கூறும் பாட்டு இலக்கியமாகாது என்று இன்னொரு தடை கூறுவர். இத்தடை கூறுவோர் பள்ளு நூல்களை மறந்தவராவர். பண்ணை வேலைக்காரனின் இரு மனைவியர் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் ஏசலை முக்கூடற்பள்ளில் பாடநூலாகவே வைத்திருக்கிறோம். நொண்டி நாடகத்தின் தலைவன் யார்? திருடன். களவில் அகப்பட்டுக் காலை இழந்தவன். அவன் வாயிற் பிறந்த நொண்டிச் சிந்தையே பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் கையாண்டார். திருடனுடைய சந்தம் திரௌபதியின் சபதத்தைத் தாங்கிற்று. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட தமிழ் வகுப்பு, கானா வாயிலில் வந்து நிற்கும்போது மாத்திரம் கதவைச் சாத்துவதற்குக் காரணம் பாட்டின் தரமன்று. பாடுவோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர், நம் பக்கத்திலேயே இருக்கின்றனர் என்பதே.

இந்நிலை சென்னைக்கு மட்டும் உரியதன்று. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் துறைமுகத்தை அடுத்த ஏழைத் தெருக்களில் 'பாடோ' என்னும் துயரப் பாட்டு பிறந்தது. தென்னமெரிக்காவில் புவெனோஸ் ஐரிஸ், மான்டிவிடியோ நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் 'டாங்கோ' பிறந்தது. மேன்மக்கள் இரண்டையும் முதலில் அருவருத்தனர். பின்னர் அவையே அந்நாடுகளின் அடையாளமாகி, டாங்கோ 2009-இலும் பாடோ 2011-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின. அதே யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்குரிய படைப்பு நகரம் என்று அறிவித்தது. அச்செய்தி வந்தபோது பலர்க்கும் நினைவுக்கு வந்தது மார்கழி மாதத்துச் சபைக் கச்சேரிகளே.

சினிமா கானாவைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதனைப் படங்களிற் பரவலாகப் புகுத்தினார். 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் மீன்களுக்குள் நடக்கும் ஒரு கலியாணத்தைக் கானா உலகநாதன் பாடியபோது, மீன் வாங்கியறியாதாரும் அதனை முணுமுணுத்தனர். 'அட்டகத்தி' (2012) முதலாகக் கானா பாலா பெயர் பெற்றார். இதனால் பாடகர் சிலர்க்கு வாழ்வு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் சினிமா தனக்கு வேண்டியதை மாத்திரமே எடுத்துக்கொண்டது. குடித்துவிட்டு ஆடுவதற்கும், காதலில் தோற்றவன் பெண்குலத்தையே வைவதற்கும் கானா மெட்டு கருவியாயிற்று. இவ்வசவுக்கு வித்து கானாவிலேயே இல்லை என்று நாம் வாதிடமாட்டோம்; உண்டு. ஆண்களே கூடிப் பாடிய பாட்டில் அக்குறை நெடுநாளாக இருந்தது. ஆதலாலேதான் இசைவாணி என்னும் பாடகியின் வரவு குறிப்பிடத்தக்கதாகிறது. ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட மேடையிலேறிப் பாடிய அவரைப் பி.பி.சி. நிறுவனம் 2020-ஆம் ஆண்டின் நூறு பெண்மணிகளுள் ஒருவராகத் தேர்ந்தது.

அவர் பாடிய குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கூடி அமைத்த இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் சென்னையில் நடைபெற்றது. 'சாதி பேதமற்ற' என்று அயோத்திதாச பண்டிதர் (1845-1914) வழங்கிய தொடரிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. இடஒதுக்கீடு, உணவு, சாதிக் கொடுமை ஆகியவற்றைக் கானாவிலும் மேனாட்டு மெட்டுக்களிலும் அவர்கள் பாடினர். 2020 முதல் மார்கழியில் மக்களிசை என்னும் விழாவும் நடைபெறலாயிற்று; சபைகளின் மாதத்திலேயே ஒப்பாரியும் கானாவும் மேடையேறின. பண்டிதரின் தொடர் ஒரு நூற்றாண்டு கழித்துப் பறையொலியோடு திரும்பி வந்ததைத் தமிழ் மாணவர் கேளாதிருத்தல் தகாது.

இவ்வளவும் நடக்கையில், பாட்டுப் பிறந்த தெருக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. மதராஸ் என்னும் பெயர் சென்னை என மாற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைக்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தருவது பெருநோக்கமாயிருந்தது. பின்னர் அந்நோக்கம் தளர்ந்தது. 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கி, கூவக் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் துரைப்பாக்கத்தை அடுத்த ஒரு குடியிருப்பிற்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் கொண்டு செல்லப்பட்டன. பின்னிரண்டு ஊர்களும் துறைமுகத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளவை. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. துரைப்பாக்கத்துக் குடியிருப்பிற்கு இட்ட பெயர் 'கண்ணகி நகர்'. தன் ஊரை விட்டு வேற்றூர் சென்று அங்கு நீதி கிடையாமற் போனவள் பெயரை, ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்டவர்க்கு வைத்தவர் சிலப்பதிகாரத்தை நன்கு படித்தவரோ, படியாதவரோ, நாமறியோம்.

பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்த சிறைக்குடிகளிடம், அவர்களைக் கொண்டுபோனவர்களே பாட்டுப் பாடும்படி கேட்ட செய்தியை 137-ஆம் சங்கீதத்திற் படித்திருக்கிறோம். வீட்டை இடித்துவிட்டு, அவ்வீட்டுப் பாட்டைத் திரையில் வைத்து இரசிக்கும் நகரத்தைப் பார்க்கும்போது அச்சங்கீதம் நினைவுக்கு வருகிறது. ஒரு வேற்றுமை: யூதர் தம் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டனர், இவர்கள் வாளியைக் கவிழ்த்துத் தட்டுகின்றனர்.

சுஜாதாவும் திருவரங்கத்தில் வளர்ந்தவரே. அவர் எழுதிய 'கரையெல்லாம் செண்பகப்பூ' என்னும் புதினத்தில், பட்டணத்து இளைஞன் ஒருவன் நாட்டுப்பாடல் தேடிக் கிராமத்திற்கு வருகிறான். நம் கல்வித்துறை இன்றும் அவ்விளைஞன் வழியிலேயே செல்கிறது. நாட்டுப்பாடல் என்றவுடன் வயல்வரப்பை நோக்கி நடக்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு வேலை கிடக்கிறது. நம் கல்லூரியில் பட்டம் பெற்றவருட் பலர் ஆண்டுதோறும் எழும்பூரிற் சென்று இறங்குகின்றனர். அங்ஙனம் சென்று சென்னையில் வாழும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் வாழும் தெருவிலோ அடுத்த தெருவிலோ கானா பாடப்படக் கேட்டால், சாளரத்தை அடைத்துக்கொள்ளாமல் சற்றே நின்று கேட்பீர்களாக. பாடியவர் இசைந்தால் மட்டும், பாட்டையும், அதனோடு பாடியவர் எத்தெருவினர், யாரிடம் பாடக் கற்றார், தாளத்திற்கு எதைத் தட்டினார் என்பவற்றையும் குறித்துத் தமிழ்த்துறைக்கு அனுப்புக. மரண கானாவாயின் இறந்தவர் வீட்டாரின் இசைவும் வேண்டும். சொற்களைத் திருத்த வேண்டா; 'இஸ்துகினு' என்று கேட்டால் 'இஸ்துகினு' என்றே எழுதுக.